எதிர்வீட்டு ஜெபக்குறிப்பு

ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடியப்போகிற நேரத்தில் போதகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டியலை எடுத்தார். வியாதிப்பட்டோருக்கும் படுக்கையில் இருப்போருக்குமான மன்றாட்டு. கிருபாவதி அதை வீட்டிலிருந்தபடியே கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் கண்ணை மூடி, "இரங்கும் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான்காவது பெயர் அவளுடையது.

"யாருய்யா படுக்கையில இருக்காங்க?" கைபேசியைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து மருமகள் எழிலரசி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்னாச்சு அத்தை?"

"பாரு. நல்லா பாரு என்னை. அஞ்சு மணிக்கு எழுந்து, குளிச்சு, பட்டுப்புடவை கட்டி, நாற்காலியில நிமிந்து உக்காந்திருக்கேன். என்னப் போயி படுக்கைன்னு வாசிக்கிறாரு. இன்னும் பொட்டியில வெக்கறதுதான் பாக்கி!"

எழிலரசிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அன்றைக்கு வீடு ரெண்டுபடும் என்று தெரிந்ததால் அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கிருபாவதியின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முப்பத்திரண்டு வருடம் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. பதினோரு வருடம் மாதர் சங்கச் செயலாளர். சனிக்கிழமை வார்டு வார்டாகப் போய் நோயாளிகளுக்கு ஜெபம், புதன்கிழமை வீடு சந்திப்பு, டிசம்பர் வந்தால் தொண்டை கட்டும்வரை தெருத்தெருவாகப் பாட்டு. செருப்பு தேய்ந்த அளவுக்கு ஊழியமும் நடந்தது என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் ஆறு மாதத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்து தகடு வைத்தார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கலாம், படி மட்டும் கூடவே கூடாது என்றார் டாக்டர்.

மகன் வளவன் வாங்கிய வீடோ வேங்கிக்காலில் இரண்டாவது மாடி. லிஃப்ட் வைக்கக் குழி எடுத்திருக்கிறார்கள். லிஃப்ட் மட்டும் மூன்று வருடமாகக் கட்டியவரின் வாயிலேயே இருக்கிறது. கிருபாவதி சும்மா இருப்பாளா? மகனும் மருமகளும் வேலைக்குப் போன நேரம் பார்த்து இரண்டு முறை தனியாகப் படி இறங்கினாள். முதல் முறை பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் முறை நான்காவது படியிலேயே விழுந்தாள். எலும்பு தப்பியது கடவுள் செயல். அன்றிலிருந்து வளவன் வேலைக்குப் போகும்போது வாசல் கம்பிக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போகிறான். ஒரு சாவி அவனிடம், இன்னொன்று பக்கத்திலேயே கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் எழிலரசியிடம்.

"உன் நல்லதுக்குத்தாம்மா," என்றான் வளவன்.

"ஜெயிலருங்க எல்லாம் அதையேதான்டா சொல்லுவாங்க," என்றாள் கிருபாவதி.

பூட்டு விழுகிற சத்தம் காலை ஒன்பதேகாலுக்குக் கேட்கும். அதன் பிறகு மாலை ஐந்தரை வரை அவளுக்கு ஒரு கூடம், இரண்டு அறை, ஒரு ஜன்னல். ஜன்னலில் மலையின் ஒரு ஓரமும், பாதி கட்டி நிற்கிற ஒரு வீட்டின் கம்பிகளும் தெரியும். மாதர் சங்கப் பொறுப்பு "தற்காலிகமாக" ஞானதீபம் டீச்சரிடம் போயிற்று. எதுவும் ஒருமுறை தற்காலிகமாகப் போனால் திரும்பி வராது என்பது கிருபாவதிக்குத் தெரியாதா என்ன? ஆண்டவருக்கு இனிமேல் நான் எதற்கு என்று அவள் உள்ளுக்குள் அழுதாள். அழுததை யாருக்கும் காட்டவில்லை. வெளியே தெரிந்தது கோபம் மட்டும்தான்.

அவளுக்கு மிச்சம் இருந்த ஒரே களம் போன் ஜெபம். வாரத்தில் ஆறு நாளும் காலை ஐந்தரைக்கு நாற்பது பெண்கள் ஒரே அழைப்பில் சேர்வார்கள். ஆளுக்கொரு ஜெபக்குறிப்பு சொல்ல, எல்லோரும் அதற்காக மன்றாடுவார்கள். குறிப்பை எப்படிச் சொல்ல வேண்டும் என்று சங்கத்துக்கே சட்டம் போட்டவள் கிருபாவதிதான். "பொத்தாம்பொதுவா ஜெபிக்கக் கூடாது. பேர் சொல்லி, ஊர் சொல்லி, வெவரம் சொல்லி ஜெபிக்கணும். டாக்டர்கிட்ட போயி 'எங்கியோ வலிக்குது'ன்னா மருந்து குடுப்பாரா?" என்று கேட்பாள். எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நாளுக்கு ஒரு புதுக் குறிப்பு கொண்டுவந்துவிட வேண்டும் என்று கிருபாவதி வைராக்கியமாக இருந்தாள். நடமாடுகிறவர்களுக்குக் குறிப்பு தானாகக் கிடைக்கும். கடைக்குப் போனால் ஒன்று, கல்யாணத்துக்குப் போனால் நாலு. பூட்டிய வீட்டுக்குள் இருப்பவள் எங்கே போவாள்? பழைய நோயாளிகள், சொந்தக்காரர்கள், செய்தித்தாளில் வந்த விபத்துகள் எல்லாம் இரண்டு மாதத்தில் தீர்ந்துபோயின. ஒருநாள் கீழே இருக்கும் வேணுவின் முழங்கால் வலியைக்கூடச் சொன்னாள். வேணு என்பவர் அந்தக் கட்டடத்தின் வாட்ச்மேன். முழங்கால் வலி என்று அவர் சொன்னது லீவு கேட்பதற்காக.

இந்த வறட்சியில் அவளுக்கு ஆறுதலாக இருந்தது எதிர்வீட்டு தேவிப்ரியாதான்.

மாடிப்படி முடிகிற இடத்தில் இரண்டு வீட்டு வாசல்களும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கும். நடுவில் ஆறடி தூரம். தேவிப்ரியாவுக்கு இருபத்தாறு வயது. கணவன் முருகவேல் அரசுப் பள்ளி ஆசிரியர். சொந்த ஊர் அடி அண்ணாமலை. அவனுடைய அம்மா உண்ணாமலை அங்கே நிலத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். பகலில் கிருபாவதி தன் கம்பிக் கதவுக்குள் நாற்காலி போட்டு உட்காருவாள். எதிரே தேவிப்ரியா மரக்கதவைத் திறந்து வைத்து, வாசலை ஒட்டின சோபாவில் சாய்ந்துகொள்வாள். கீரை ஆய்வதிலிருந்து சீரியல் வரைக்கும் பேச்சு போகும். ஆறடி தாண்டிக் கேட்க வேண்டும் என்பதால் இருவரும் கொஞ்சம் உரக்கவே பேசுவார்கள்.

ஒரு மாதமாக அந்தப் பெண் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருப்பதும், சோபாவில் உட்காரும்போது வயிற்றில் கை போவதும் நர்ஸ் கண்ணுக்குத் தப்பவில்லை. ஆனாலும் கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அவளே சொன்னாள். அன்றைக்கு மட்டும் மெல்லிய குரலில், சோபாவை விட்டுக் கீழே இறங்கி, வாசல்படியில் உட்கார்ந்து சொன்னாள்.

"ஆன்ட்டி, எனக்கு பத்தாவது வாரம். இதுக்கு முன்ன ரெண்டு தடவ நிக்கல. டாக்டர் பெட் ரெஸ்ட் சொல்லியிருக்காங்க. அவருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. எங்க அத்தைக்குகூட சொல்லல."

"அவங்களுக்கு ஏம்மா சொல்லல?"

"ரெண்டாவது தடவ போனப்ப அவங்க ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தாங்க. அப்பறம் ஒவ்வொருத்தரா வந்து துக்கம் விசாரிச்சாங்க பாருங்க, என்னால தாங்க முடியல ஆன்ட்டி. இந்த தடவ அஞ்சாம் மாசம் வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டோம். நீங்க நர்ஸுன்றதால சொல்றேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"எங்க வழக்கத்துல சத்தியம் பண்றதில்லம்மா. சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன், அவ்ளோதான்."

மனதாரத்தான் சொன்னாள். அன்று மாலை முழுக்க அந்தப் பெண்ணுக்காக உருகி உருகி ஜெபித்தாள். இதில் பொய் எதுவும் இல்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை போன் ஜெபத்தில் கிருபாவதியின் முறை வந்தது. அவளிடம் குறிப்பு இல்லை. பழைய குறிப்புகளில் ஒன்றைத் தூசி தட்டிச் சொல்லலாமா என்று தடுமாறுவதற்குள், ஞானதீபம் டீச்சர் தேன் வழியும் குரலில் குறுக்கே வந்தார்.

"பரவால்ல அக்கா. நீங்க ரெஸ்ட் எடுங்க. படுக்கையில இருக்கவங்களுக்கு வெளி விஷயம் எங்க தெரியப்போவுது? அடுத்து யாரு?"

கிருபாவதிக்குச் சுர்ரென்று ஏறியது.

"இருக்கு டீச்சர். அவசரமான குறிப்பு," என்றாள். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "என் எதிர்வீட்டு மகள் தேவிப்ரியா. வீட்டுக்காரர் முருகவேல், ஸ்கூல் வாத்தியார். ரெண்டு தடவ கர்ப்பம் கலைஞ்சிருக்கு. இப்ப பதினோராவது வாரம். மாமியாருக்குக்கூட தெரியாம பயந்து பயந்து இருக்குது அந்தப் பொண்ணு. அதோட கர்ப்பத்த ஆண்டவர் காக்கணும்."

நாற்பது தொண்டைகளும் ஒரே நேரத்தில் திறந்தன. இரண்டு பேர் அழுதே விட்டார்கள். டீச்சர்கூடக் குரல் தழுதழுக்க, "வீட்டுக்குள்ள இருந்துகினே எப்பேர்ப்பட்ட ஊழியம் பண்றீங்க அக்கா!" என்றார். கிருபாவதிக்கு அன்று முழுவதும் கால் வலி தெரியவில்லை. தேவிப்ரியாவிடம் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தபோது, ஜெபத்தில் சொன்னது சொன்னதாகுமா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆண்டவரிடம்தானே சொன்னேன், கூட நாற்பது பேர் இருந்தார்கள், அவ்வளவுதானே!

அந்த நாற்பதில் ஒருத்தியின் தங்கை முருகவேலின் பள்ளியில் டீச்சர். திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் அவள் முருகவேலுக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னாள். சத்துணவுக்கூடம்வரை செய்தி போனது. அங்கே சமைக்கும் வள்ளிக்கு ஊர் அடி அண்ணாமலை. மறுநாள் காலை உண்ணாமலை ஒரு பையில் துணியோடும் இன்னொரு பையில் முருங்கைக்கீரையோடும் படியேறி வந்துவிட்டாள்.

கம்பிக்குள் உட்கார்ந்திருந்த கிருபாவதி எல்லாவற்றையும் கேட்டாள். உண்ணாமலையின் குரல் கட்டை. "ஊருக்கே தெரிஞ்சிருக்குது, எனக்குத் தெரியல. வள்ளி வந்து, 'இன்னா, பேரன் வரப்போறானாமே'ன்னு கேக்கறா. நானு பேந்தப் பேந்த முழிக்கிறேன்," என்றாள். தேவிப்ரியா அழுதாள். அழுதுகொண்டே எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"ஆன்ட்டி. நீங்களா?"

"ஜெபத்துக்குத்தாம்மா சொன்னேன். உன் நல்லதுக்கு..."

சொல்லி முடிப்பதற்குள் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று கிருபாவதிக்கே தெரிந்துவிட்டது. பூட்டிக்கொண்டு போகும்போது வளவன் சொல்கிற அதே வார்த்தை. தேவிப்ரியா திட்டவில்லை, கத்தவில்லை. மரக்கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அப்புறம் அது திறக்கவே இல்லை. கிருபாவதி தினமும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே பழுப்பு நிறக் கதவு. அதிலிருந்த ஒவ்வொரு ஆணியும் அவளுக்கு மனப்பாடம் ஆயிற்று. குக்கர் விசில் கேட்கும், உண்ணாமலை இருமுவது கேட்கும், தேவிப்ரியாவின் குரல் மட்டும் கேட்காது. வீட்டுக்குள் அடைபட்டிருந்தது அதுவரை ஒரு கஷ்டம்தான். இப்போது தன் வாயாலேயே இன்னொரு பூட்டும் போட்டுக்கொண்டாள்.

எழிலரசியிடம் சொல்லி அழுதாள். மருமகள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தது அவள் தப்பு.

"ஜெபக்குறிப்புன்னு பேரு வெச்சுட்டா அது வம்பு இல்லாம போயிடுமா அத்தை?" என்றாள் எழிலரசி. "எங்க கல்யாணமான புதுசுல எனக்கு தைராய்டு இருக்குன்னு சங்கம் பூரா தெரிஞ்சுது. யார் சொன்னாங்கன்னு நான் கேட்டேனா?"

கிருபாவதிக்கு முகம் வெளிறிப்போயிற்று. அதுவும் அவள் சொன்ன குறிப்புதான். பேர் சொல்லி, ஊர் சொல்லி, வெவரம் சொல்லி!

மறுநாள் போன் ஜெபத்தில் டீச்சர் முதல் வேலையாக, "அக்கா, அந்த எதிர்வீட்டுப் பொண்ணு எப்டி இருக்குது?" என்று கேட்டார். கிருபாவதி தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினாள். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேருக்கு ஊசி போட்டவள், தனக்கு ஒன்று போட்டுக்கொள்கிற மாதிரிதான் பேசினாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அதுக்கு வாக்கு குடுத்திருந்தேன். உங்க முன்னாடி நான் இன்னும் உபயோகமா இருக்கேன்னு காட்டிக்கணும்னு சொல்லிட்டேன். அது ஜெபம் இல்ல, என் பெருமை. அந்தக் குடும்பத்துல சங்கடம் ஆயிடுச்சு. இனிமே அந்தப் பேச்ச யாரும் எடுக்காதீங்க. என்ன மன்னிச்சிடுங்க."

டீச்சர் தொண்டையைச் செருமினார்.

"சகோதரிகளே, கிருபாவதி அக்காவோட மன பாரத்துக்காக ஜெபிப்போம். பேர் சொல்லி ஜெபிப்போம்."

நாற்பது பேரும் கிருபாவதி, கிருபாவதி என்று ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் இரண்டு நிமிஷம் கேட்டாள். பிறகு அழைப்பைத் துண்டித்துப் போனை மேசை டிராயருக்குள் போட்டாள். ஐந்தே முக்காலுக்கே அன்றைய வேலைகள் எல்லாம் அவளுக்கு முடிந்துவிட்டன. மகனும் மருமகளும் எழுந்திருக்க இன்னும் நேரம் இருந்தது. சங்கம் போயிற்று, போன் ஜெபமும் போயிற்று, எதிர்வாசலும் போயிற்று. ஆண்டவரிடம் பேச உட்கார்ந்தாள். சொல்ல ஒரு குறிப்பும் இல்லை. "நான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். அது அவளுக்கே விளங்காத ஜெபம்.

பத்து நாள் கழித்துப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக மதியத்திலிருந்தே ஊருக்குள் வண்டிகளைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார்கள். உண்ணாமலை சாப்பிட்டுவிட்டு வெறுங்காலோடு மலை சுற்றக் கிளம்பினாள். படி இறங்கும்போது கம்பிக்குள் இருந்தவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள். மணி மூன்று இருக்கும். பழுப்புக் கதவின் தாழ்ப்பாள் விலகியது.

தேவிப்ரியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆன்ட்டி, படுது," என்றாள். "ரத்தம் படுது ஆன்ட்டி. அவரு போன எடுக்க மாட்டேன்றாரு. அத்தை போன வூட்டுலயே வெச்சிட்டுப் போயிட்டாங்க."

கிருபாவதி எழுந்து கம்பியைப் பிடித்து இழுத்தாள். பூட்டு அசையவில்லை. ஆறடிதான் தூரம். எத்தனையோ பிரசவத்துக்கு முதல் கையாக நின்ற கை, கம்பிக்கு வெளியே முழங்கைவரை போய் அங்கேயே நின்றது. பாவி மகனே, பூட்டிவிட்டுப் போனாயே என்று மனம் அலறியது. அலறலை ஓரங்கட்டிவிட்டு நர்ஸ் பேசினாள்.

"நிக்காத. அங்கயே அப்டியே படு. எடது பக்கமா ஒருக்களிச்சுப் படு, தலையணை வேணாம். எவ்ளோ படுது? சொட்டு சொட்டாவா, நிக்காமயா? கட்டியா எதாச்சும் வந்துச்சா? வலி இருக்கா?"

தேவிப்ரியா வாசலிலேயே, மொசைக் தரையில் படுத்துப் பதில் சொன்னாள். கொஞ்சம்தான், பழுப்பாக இருந்தது, வலி லேசாக. கிருபாவதி டிராயரைத் திறந்து போனை எடுத்து எழிலரசியைக் கூப்பிட்டாள்.

"எழில், ஒன்னும் கேக்காத. ஆட்டோ ஒன்ன புடிச்சு இப்பவே வீட்டுக்கு வா. ஆம்புலன்ஸ் இந்தக் கூட்டத்துல வந்து சேராது. யார்கிட்டயும் காரணம் சொல்லாத, அத்தைக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வா. படுக்கையில இருக்காங்கன்னே சொல்லு, பரவால்ல."

எழிலரசி வந்து சேரப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் கிருபாவதி கம்பியை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். தகடு வைத்த காலோடு எப்படி உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "என்னப் பாரு. மூச்ச இழுத்து விடு. இப்டி பட்டும் நல்லா நின்ன கர்ப்பத்த நான் நூறு பாத்திருக்கேன். எல்லாமே நின்னுதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா பாத்திருக்கேன்," என்றாள். பொய்யாக ஒரு தைரியமும் சொல்லவில்லை. தேவிப்ரியா அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பூட்டைத் திறக்கக்கூட நிற்காமல் எழிலரசியும் ஆட்டோக்காரரும் நாற்காலியில் வைத்து அவளைத் தூக்கி இறக்கினார்கள். நானும் வருகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இரண்டு மாடியும் தன் காலும் ஒரே நேரத்தில் ஞாபகம் வர, கிருபாவதி வாயை மூடிக்கொண்டாள். காலடிச் சத்தம் கீழே போய் அடங்கியது. எதிர்வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அதைச் சாத்தக்கூட அவளால் முடியாது.

தரையிலிருந்து எழவும் முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஜெபித்தாள். பேர் சொல்லவில்லை, வாரக் கணக்குச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா! கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கூட இரும், கூட இரும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்துதான் என்று எடுத்தால், ஞானதீபம் டீச்சர்.

"அக்கா, உங்க பில்டிங்லேர்ந்து யாரையோ நாற்காலியில தூக்கிட்டுப் போனாங்களாமே? அந்தப் பொண்ணா? ஏதாச்சும் குறிப்பு இருந்தா சொல்லுங்க, குரூப்ல போட்டு உடனே ஜெபிக்க வெச்சிடலாம்."

நாற்பது பேர் மன்றாட்டு. அந்த நேரத்தில் கிருபாவதிக்கு அது எவ்வளவு பெரிய ஆசை தெரியுமா? தனியாகத் தாங்க முடியாத பாரம் அது. யாரிடமாவது கொட்டினால் போதும் என்று இருந்தது.

"இருக்கு டீச்சர்," என்றாள். "சொல்ல மாட்டேன்."

"ஐயோ, ஜெபத்துக்குத்தானக்கா..."

"ஜெபிங்க. ஆண்டவருக்கு வெவரம் தெரியும். நமக்குத் தெரியணும்னு ஒன்னும் இல்ல."

வைத்துவிட்டாள். மாலை ஆறு மணிக்கு எழிலரசி வந்து கதவைத் திறந்தபோதும் அவள் தரையில்தான் இருந்தாள். துடிப்பு இருக்கிறது, இரண்டு நாள் வைத்துப் பார்ப்பார்களாம் என்றாள் எழிலரசி. மாமியாரைக் கைத்தாங்கலாகத் தூக்கும்போது, "நீங்க யார்கிட்டயாச்சும்..." என்று ஆரம்பித்துவிட்டு, அந்த முகத்தைப் பார்த்ததும் கேட்காமல் விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை தேவிப்ரியா வீடு திரும்பினாள். கம்பிப் பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து உண்ணாமலை வெளியே வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கம்பிக்கு எதிரே நின்றாள். கிருபாவதி எழுந்து நின்றாள்.

"உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னு இருந்தேங்க," என்றாள். "அன்னிக்கு என்னாலதான் உங்களுக்கு ஊருக்குள்ள தலகுனிவு. உங்களுக்கே தெரியாத சங்கதிய..."

"எனக்கு ரெண்டாம் மாசமே தெரியும்," என்றாள் உண்ணாமலை.

கிருபாவதிக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னா அப்டி பாக்கறீங்க? நானும் மூணு பெத்தவ. ஒருக்கா இங்க வந்துட்டுப் போனேன். மோர்க்கொழம்ப பாத்து மூஞ்சிய திருப்பிக்கிச்சு. அப்பவே தெரிஞ்சிகினேன். போன தடவ எல்லார்கிட்டயும் ஒளறிட்டு நானு பட்டதே ஜாஸ்தி. அதுக்கு எப்ப தோணுதோ அப்ப சொல்லட்டும்னு நானு இந்தப் பக்கமே வராம இருந்தேன். மாசாமாசம் மலய சுத்தினேன், எதுக்குன்னு பெத்த புள்ளைகிட்டகூட சொல்லல. வள்ளி வந்து நாலு பேரு முன்னால போட்டு ஒடைச்சதும், தெரியாத மாதிரி கத்தித்தான ஆவணும்? இல்லன்னா, தெரிஞ்சும் வராம இருந்தாளேன்னு அது நெனைக்காதா?"

ஜெபத்தைப் பற்றி எழுபது வயதுவரை தனக்குத் தெரிந்ததெல்லாம் எவ்வளவு கொஞ்சம் என்று கிருபாவதிக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

"பௌர்ணமி அன்னிக்கு நடந்தத உங்க போனுக்காரங்ககிட்ட சொன்னீங்களா?" உண்ணாமலையின் கண் கூர்மையாக இருந்தது.

"இல்லீங்க. கேட்டாங்க, சொல்லல. ஆண்டவர்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"அவுரு?"

"அவரு யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு."

உண்ணாமலை சிரித்தாள். கட்டைக் குரலில், படிக்கட்டு முழுக்கக் கேட்கிற சிரிப்பு. "எங்காளும் அப்டித்தான். கல்லு மாதிரி இருப்பாரு," என்றாள், மலை இருக்கும் பக்கம் கையைக் காட்டி.

உள்ளே போகத் திரும்பியவள் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாளைக்கு எனக்கு அறுப்பு இருக்குதும்மா. மெஷின்காரன் வரேன்னுட்டான், ஊருக்குப் போயே ஆவணும். மூணு நாளு ஆவும். முருகவேலும் பள்ளிக்கூடம் போயிடுவான். பகல்ல கதவ தெறந்தே வெச்சிட்டுப் போறேன், அந்தப் பொண்ண கொஞ்சம் பாத்துக்கறீங்களா? ஒரு கொரல் குடுத்தா இருக்கணும். நீங்கதான் எங்கயும் போவ மாட்டீங்களே."

ஆறு மாதமாக அந்த வார்த்தை யார் வாயிலிருந்து வந்தாலும் கிருபாவதிக்கு ஆகாது. கோபம் வருகிறதா என்று ஒரு நொடி காத்துப் பார்த்தாள். வரவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டுக்குள் படுத்திருந்த பெண்ணைப் பார்த்தாள்.

"போவ மாட்டேன்," என்றாள். "நான் எங்கயும் போவ மாட்டேன்."